கரோலின் ராணியும் நியூகேட் கைதிகளும்: 1721 அம்மை குத்தல் சோதனை, ஒரு நிகழ்வு ஆய்வு

1721 ஆகஸ்ட் 9 அன்று லண்டன் நியூகேட் சிறையில் ஆறு கைதிகளின் இரண்டு கைகளிலும் வலது காலிலும் கத்தியால் கீறினார்கள். கீறிய இடத்தில் பெரியம்மைக் கொப்புளத்திலிருந்து எடுத்த சீழை வைத்துக் கட்டுப்போட்டார்கள். மூன்று ஆண்கள், மூன்று பெண்கள். ஆறு பேருமே மரண தண்டனை விதிக்கப்பட்டவர்கள். சம்மதித்துப் பிழைத்தால் விடுதலை என்று அரசர் வாக்குக் கொடுத்திருந்தார். ஏறத்தாழ இருபத்தைந்து மருத்துவர்களும் அறுவை வைத்தியர்களும் சுற்றி நின்று பார்த்தார்கள்.

இதை ஏற்பாடு செய்யவைத்தவர் வேல்ஸ் இளவரசி கரோலின். ஆறு ஆண்டு கழித்து, 1727-ல், இரண்டாம் ஜார்ஜின் மனைவியாக இங்கிலாந்தின் ராணியானவர். அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் கணவரின் காதலிகளைச் சகித்துக்கொண்டது, மூத்த மகனோடு இருந்த தீராத பகை, பிரதமர் வால்போலுக்குக் கொடுத்த அரசியல் ஆதரவு ஆகியவைதான் முதலில் வரும். எனக்கு இந்தச் சிறைச் சோதனையும் அதைத் தொடர்ந்து எட்டு மாதங்களில் நடந்தவையும்தான் அவருடைய வாழ்க்கையின் மையமாகத் தெரிகின்றன. சொந்தமாக ஆணையிடும் அதிகாரம் ஏதும் இல்லாத ஒரு பெண், ஒரு நாடே அஞ்சிய சிகிச்சையை அரண்மனைக்குள் கொண்டுவந்தார். அதற்காக முதலில் பணயம் வைக்கப்பட்டது ஏழைகளின் உடம்பு. இந்த இரண்டில் ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் சொன்னால் கதை பொய்யாகிவிடும்.

பெரியம்மை துரத்திய வாழ்க்கை

கரோலின் 1683 மார்ச் 1 அன்று ஜெர்மனியின் ஆன்ஸ்பாக் என்ற சிறிய சமஸ்தானத்தில் பிறந்தார். மூன்று வயதில் தந்தை பெரியம்மையில் இறந்தார். தாய் சாக்சனியின் ஆட்சியாளர் நான்காம் யோகான் ஜார்ஜை மறுமணம் செய்துகொண்டார். 1694-ல் அந்த மாற்றாந்தந்தையும் பெரியம்மையில் போனார். இரண்டு ஆண்டில் தாயும் இறக்க, பதின்மூன்று வயதில் கரோலின் அநாதை.

பிறகு வளர்ந்தது பெர்லினில், பிரஷ்ய அரச குடும்பத்தின் பொறுப்பில். அங்கே சோஃபி சார்லொட்டின் அவையில் தத்துவ மேதை லைப்னிட்ஸ் இருந்தார். ஒரு பெண் வாய் திறந்து வாதம் செய்வது அங்கே விநோதம் இல்லை. 1704-ல் ஹாப்ஸ்பர்க் வம்சத்து இளவரசர் சார்லஸ் பெண் கேட்டார், பின்னாளில் பேரரசரானவர். கத்தோலிக்கராக மாற வேண்டும் என்பது நிபந்தனை. பேச்சும் தடுமாற்றமுமாகச் சில மாதம் கழிந்தபின் மறுத்துவிட்டார். அடுத்த ஆண்டு ஹானோவர் என்ற ஜெர்மன் சமஸ்தானத்தின் இளவரசர் ஜார்ஜ் ஆகஸ்டஸை, பின்னாளின் இரண்டாம் ஜார்ஜை, கைப்பிடித்தார்.

1707-ல் முதல் குழந்தை பிறந்த சில மாதங்களில் கரோலினுக்கே பெரியம்மை கண்டது. கணவர் அறையை விட்டு அகலாமல் கவனித்துக்கொண்டார், அவருக்கும் தொற்றியது. இருவரும் பிழைத்தார்கள். ஆக, தந்தை, மாற்றாந்தந்தை, கணவர், தான் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நோய் நின்றிருக்கிறது. அக்கால ஐரோப்பிய அரச வீடுகளுக்கெல்லாம் இதே கதிதான். இங்கிலாந்து ராணி இரண்டாம் மேரி 1694-ல் இறந்தது பெரியம்மையில். 1711 ஏப்ரலில் சில நாள் இடைவெளியில் பிரான்ஸின் பட்டத்து இளவரசரையும் ஹாப்ஸ்பர்க் பேரரசர் முதலாம் ஜோசப்பையும் அதுவே கொண்டுபோனது.

பிள்ளைகள் மீது உரிமை இல்லாத தாய்

1714-ல் மாமனார் முதலாம் ஜார்ஜ் இங்கிலாந்தின் அரசரானதும் குடும்பம் லண்டனுக்குக் குடிபெயர்ந்தது. மூத்த மகன் ஃபிரெடெரிக்கை ஏழு வயதில் ஹானோவரிலேயே விட்டுவிட்டு வரவேண்டியிருந்தது.

அப்புறம் 1717 நவம்பர். புதிதாகப் பிறந்த மகனுக்கு யார் ஞானத்தந்தை என்பதில் அப்பாவுக்கும் மகனுக்கும் சண்டை முற்றி, ஜார்ஜ் ஆகஸ்டஸை அரசர் செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையிலிருந்து வெளியேற்றினார். பிள்ளைகளைக் கூட அனுப்பவில்லை. கரோலின் கணவரோடு போனார். மூன்று பெண் குழந்தைகளும் கைக்குழந்தையும் தாத்தாவிடம் இருந்தார்கள். மூன்று மாதத்தில் கைக்குழந்தை இறந்தது. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் உரிமை அரசருக்கா, பெற்றோருக்கா என்று நீதிபதிகளிடம் கேட்டார்கள். பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் அரசர் பக்கம் சொன்னார்கள்.

1720-ல் சமரசம் ஆன பிறகும் பெண்கள் தாத்தாவின் பொறுப்பிலேயே இருந்தார்கள். அதே ஆண்டு மூத்த மகள் ஆனுக்குப் பெரியம்மை கண்டு, உயிர் பிழைத்ததே பெரிய காரியம் என்று ஆனது. மற்ற இரண்டு மகள்களுக்கு இன்னும் வரவில்லை. இதுதான் 1721-ல் கரோலின் நின்ற இடம். மகள்களைக் காப்பாற்ற ஒரு வழி இருப்பதாகக் கேள்விப்படுகிறார். அதைச் செய்ய மாமனாரின் அனுமதி வேண்டும். அந்த மாமனார்தான் பிள்ளைகளைப் பிரித்து வைத்தவர்.

கேள்விப்பட்ட வழி

பெரியம்மை வந்து பிழைத்தவருக்கு மறுபடி வராது என்பது எல்லா நாட்டுக்கும் தெரியும். லேசாகக் கண்ட ஒருவரின் கொப்புளத்திலிருந்து சீழ் எடுத்து, நலமாக இருப்பவரின் தோலைக் கீறி வைத்தால் பெரும்பாலும் நோய் மிதமாக வந்து போய்விடும். இந்த அம்மை குத்தும் பழக்கம் சீனத்திலும் வங்காளத்திலும் ஆப்பிரிக்காவின் பல பகுதிகளிலும் துருக்கியிலும் இருந்தது. பின்னாளில் ஜென்னர் கொண்டுவந்த பசு அம்மைப்பால் வேறு. இது நிஜப் பெரியம்மையையே உடம்புக்குள் விடுவது. அதனால் உயிருக்கு ஆபத்து உண்டு, குத்திக்கொண்டவரிடமிருந்து மற்றவருக்கும் தொற்றும்.

துருக்கி முறையைப் பற்றி டிமோனி என்ற மருத்துவரும் பிலாரினி என்ற மருத்துவரும் எழுதியவை 1714-லும் 1716-லும் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் இதழில் வந்துவிட்டன. படித்தவர்கள் ரசித்தார்கள், ஒருவரும் செய்து பார்க்கவில்லை. செய்தவர் லேடி மேரி வோர்ட்லி மான்டகு. தம்பியைப் பெரியம்மைக்குப் பறிகொடுத்தவர். தன் முகமும் அதில் தழும்பேறியது. கணவர் இஸ்தான்புல்லில் தூதராக இருந்தபோது, 1718-ல் ஒரு வயதான கிரேக்கப் பெண்ணை வைத்து மகனுக்கு அம்மை குத்த வைத்தார். தூதரகத்தின் ஸ்காட்டிஷ் வைத்தியர் சார்ல்ஸ் மெயிட்லண்ட் கூட இருந்தார். 1721 ஏப்ரலில் லண்டனில் பெரியம்மை பரவியபோது, மகளுக்குக் குத்தச் சொல்லி அதே மெயிட்லண்டைக் கூப்பிட்டார். சாட்சிகள் இல்லாமல் செய்ய மாட்டேன் என்றார் அவர். வந்து பார்த்த மருத்துவர்களில் ஜேம்ஸ் கீத் ஒருவர். பெரியம்மைக்குப் பிள்ளைகளைக் கொடுத்தவர் அவர். மிஞ்சியிருந்த மகனுக்கு உடனே குத்தச் சொன்னார். தயங்கியவர்களை எதிரிகளாகவே பார்க்கும் பழக்கம் எனக்கும் உண்டு, ஆனால் கீத்தைப் போன்றவர்களை நினைத்தால் அன்றைய மருத்துவர்களின் தவிப்பும் புரிகிறது.

அந்த ஏப்ரலில்தான் கரோலினுக்கு மகன் வில்லியம் பிறந்திருந்தான். லேடி மேரியை அவருக்கு நன்றாகத் தெரியும்.

படிப்படியாக

கரோலின் நேராக மகள்களுக்குக் குத்தச் சொல்லவில்லை. அரச மருத்துவர் சர் ஹான்ஸ் ஸ்லோன் பின்னாளில் எழுதிய குறிப்பின்படி, தன் பிள்ளைகளுக்கும் பொது நன்மைக்குமாக, பெரியம்மை வராத ஆறு மரண தண்டனைக் கைதிகளின் உயிரை அவர் அரசரிடம் கேட்டு வாங்கினார். ஜூனில் அரசின் சட்ட அதிகாரிகளிடம் கருத்துக் கேட்டார்கள். கைதிகளின் உயிர் அரசர் கையில் இருப்பதால் நிபந்தனையோடு மன்னிப்புத் தரலாம் என்று பதில் வந்தது.

அந்த ஆறு பேரின் பெயர்கள் மேரி நார்த், ஆன் டாம்பியன், எலிசபெத் ஹாரிசன், ஜான் காத்தரி, ஜான் அல்காக், ரிச்சர்ட் எவன்ஸ். எவன்ஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு முன்பே பெரியம்மை வந்து போயிருந்தது தெரியவந்தது. மற்ற ஐவருக்கும் லேசாகக் கண்டு இறங்கியது. செப்டம்பர் 6 அன்று ஆறு பேரும் விடுதலையானார்கள். இதே காலத்தில் மருத்துவர் ரிச்சர்ட் மீட், அம்மைப் பொருளை மூக்கு வழியே செலுத்தும் சீன முறையை வேறொரு கைதிப் பெண்ணிடம் செய்து பார்த்தார். அவள் கடும் தலைவலியும் காய்ச்சலும் பட்டுப் பிழைத்தாள்.

பிழைத்தது சரி, இனி பெரியம்மை வராது என்பதற்கு என்ன ஆதாரம்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடும் வேலை பத்தொன்பது வயது எலிசபெத் ஹாரிசன் தலையில் விழுந்தது. பெரியம்மை கடுமையாக இருந்த ஹெர்ட்ஃபோர்ட் நகருக்கு அவரை அனுப்பினார்கள். செலவை ஸ்லோனும் இன்னொரு அரச மருத்துவரும் கையிலிருந்து போட்டார்கள். நோயாளிகளுக்குப் பணிவிடை செய்தார். நோய் கண்ட பத்து வயதுப் பையனோடு ஒரே படுக்கையில் ஆறு வாரம் படுத்தார். அவருக்கு ஒன்றும் வரவில்லை. முழுச் சோதனையிலும் உறுதியான ஆதாரம் இது ஒன்றுதான் என்பேன். சிறையில் கிடைத்தது ஐந்து பேரின் அனுபவம். ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. ஹாரிசன் ஹெர்ட்ஃபோர்டில் கழித்த வாரங்கள்தான் அந்த அனுபவத்துக்கு எடை சேர்த்தன.

அதே ஹெர்ட்ஃபோர்டில் வேறொரு உண்மையும் வெளிப்பட்டது. அந்த இலையுதிர்காலத்தில் மெயிட்லண்ட் அங்கே ஒரு வீட்டின் இரண்டரை வயதுக் குழந்தைக்குக் குத்தினார். குழந்தை தேறியது. குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிய வீட்டு வேலைக்காரர்கள் ஆறு பேருக்கு நிஜப் பெரியம்மை தொற்றி, ஒருவர் இறந்தார்.

கரோலினுக்குக் கைதிகள் போதவில்லை. அவர்கள் வளர்ந்தவர்கள், மகள்கள் குழந்தைகள். செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத் திருச்சபையின் ஆதரவில் இருந்த ஏழைப் பிள்ளைகள் ஆறு பேருக்கு அடுத்துக் குத்தினார்கள். யார் வேண்டுமானாலும் குறிப்பிட்ட நேரத்தில் வந்து அந்தப் பிள்ளைகளைப் பார்க்கலாம் என்று பத்திரிகையில் அறிவிப்பும் வந்தது. ஸ்லோன் ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் குறித்திருக்கிறார்: அதில் ஒரு பிள்ளைக்கு முன்பே பெரியம்மை வந்திருந்தது, கிடைக்கவிருந்த சன்மானத்துக்காக அதை மறைத்துவிட்டது. சில காசுக்காக ஒரு குழந்தை தன் உடம்பைப் பற்றிப் பொய் சொல்ல வேண்டியிருந்த ஊர் அது. படித்துவிட்டு என்னால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

மகள்களின் முறை

பிள்ளைகளும் தேறியபின் கரோலின் ஸ்லோனிடம் கருத்துக் கேட்டார். பயனுள்ள முறையாகத் தெரிகிறது, ஆனால் என்ன ஆகும் என்று உறுதியில்லாததால் செய்யுங்கள் என்று சொல்லத் துணிய மாட்டேன் என்றார் ஸ்லோன். அப்படியானால் வேண்டாம் என்பீர்களா என்று கேட்டார் கரோலின். இவ்வளவு நன்மை வரக்கூடிய காரியத்தை வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன் என்று பதில் வந்தது. தீர்மானித்துவிட்டேன் என்றார் கரோலின், ஸ்லோனை அரசரிடம் அனுப்பினார். என்ன கவனமாகச் செய்தாலும் விபரீதம் நேரலாம் என்று ஸ்லோன் எச்சரித்தார். ரத்தம் எடுத்தாலும் மருந்து குடித்தாலும்கூட அப்படி உயிர் போகலாமே என்று அரசர் அனுமதி தந்தார்.

1722 ஏப்ரல் 17 அன்று பத்து வயது அமீலியாவுக்கும் எட்டு வயது கரோலினுக்கும் அரச அறுவை வைத்தியர் குளோடியஸ் அமியாண்ட் குத்தினார், மெயிட்லண்ட் மேற்பார்வையில். குடல்வாலை வெட்டி எடுத்து வெற்றி கண்டதாகப் பதிவான முதல் சிகிச்சையை 1735-ல் செய்தவரும் இதே அமியாண்ட்தான். இரண்டு சிறுமிகளும் நலமாகத் தேறினார்கள்.

அந்த முடிவு எவ்வளவு ஆபத்தானது என்பது அதே மாதம் தெரிந்தது. சந்தர்லாந்து பிரபுவின் கைக்குழந்தை அம்மை குத்தியபின் இறந்தது. இன்னொரு பிரபுவின் வேலைக்காரரும் இறந்தார். ஜூலையில் எட்மண்ட் மாசி என்ற பாதிரியார், நோய் என்பது கடவுள் அனுப்பும் சோதனை அல்லது தண்டனை, அதை மனிதன் கையால் உண்டாக்குவது பாவம் என்று பிரசங்கம் செய்தார். இளவரசிகளில் ஒருத்தி இறந்திருந்தால் பழி முழுக்கக் கரோலின் மீது விழுந்திருக்கும். இங்கிலாந்தில் அந்த முறையும் அத்தோடு பல காலம் புதைந்திருக்கும்.

லேடி மேரிக்கும் மனக்குறை இருந்தது, மருத்துவர்கள் மீது. துருக்கியில் ஊசி முனையால் லேசாகக் கீறியதை இவர்கள் ஆழமான வெட்டாக்கி, அதற்கு முன் பேதி மருந்தும் ரத்தம் எடுப்பதும் சேர்த்துவிட்டார்கள் என்று 1722-ல் பெயர் போடாமல் பத்திரிகையில் எழுதினார். அவர் சொன்னது சரி என்பது 1760-களில், அம்மை குத்துவதையே தொழிலாகச் செய்த சட்டன் குடும்பத்தார் லேசான கீறலுக்குத் திரும்பியபோதுதான் உறைத்தது.

கணக்கு

ராயல் சொசைட்டியின் செயலாளர் ஜேம்ஸ் ஜூரின் நாடெங்கும் உள்ள வைத்தியர்களிடம் விவரம் கேட்டு எழுதினார், ஆண்டுதோறும் வெளியிட்டார். இயற்கையாகப் பெரியம்மை கண்டவர்களில் ஐந்து அல்லது ஆறு பேருக்கு ஒருவர் இறந்தார். அம்மை குத்திக்கொண்டவர்களில் சுமார் ஐம்பது பேருக்கு ஒருவர். 1729 வரை சேர்ந்த கணக்கில் 897 பேருக்குக் குத்தியதில் 17 மரணங்கள் அதன் மேல் சந்தேகிக்கப்பட்டன. ஒரு சிகிச்சையை இறப்பு விகிதத்தை வைத்து எடைபோட்ட முதல் பெரிய முயற்சிகளில் இது ஒன்று. கரோலின் தொடங்கிவைத்த சோதனையில் இந்தக் கணக்குக்கான விதையும் இருந்தது: வெளிப்படையாகச் செய், சாட்சியோடு செய், முடிவை அச்சிடு.

897 பெரிய எண் இல்லை. அரண்மனை செய்ததும் நாடே வரிசையில் வந்து நின்றது என்பது மிகை. உயர்குடியினர் சிலர் தொடர்ந்தார்கள், ஹானோவரில் இருந்த ஃபிரெடெரிக்குக்கு 1724-ல் மெயிட்லண்ட் போய்க் குத்தினார். பிறகு வேகம் குறைந்து 1740-களில்தான் மீண்டும் எழுந்தது. ஏழைகளுக்காக லண்டனில் பெரியம்மை மருத்துவமனை 1746-ல் தொடங்கியது.

ராணியாக

கரோலின் 1727 முதல் பத்து ஆண்டு ராணி. கணவர் ஹானோவருக்குப் போன நான்கு முறையும் ஆட்சிப் பொறுப்பை அவர் கையில்தான் கொடுத்துவிட்டுப் போனார். நியூட்டனுக்கும் லைப்னிட்ஸுக்கும் நடந்த தகராறில், லைப்னிட்ஸுக்கும் நியூட்டனின் நண்பர் கிளார்க்குக்கும் நடந்த புகழ்பெற்ற கடித வாதம் இவர் கை வழியாகவே போய் வந்தது, அது 1715–16-ல். ரிச்மண்ட் தோட்டத்தில் நியூட்டன், லாக், பாயில் ஆகியோரின் மார்பளவு சிலைகளை வைத்தார். ஹைட் பூங்காவின் சர்ப்பென்டைன் ஏரி அவர் வெட்டச் சொன்னது. 1726 முதல் 1728 வரை இங்கிலாந்தில் இருந்த வோல்டேர், அம்மை குத்தலைப் பற்றி எழுதியபோது சிம்மாசனத்தில் அமர்ந்த தத்துவவாதி என்று அவரைப் பாராட்டினார்.

1724-ல் கடைசி மகள் லூயிசாவைப் பெற்றபோது தொப்புள் அருகே குடலிறக்கம் உண்டானது. பதின்மூன்று ஆண்டு அதைக் கணவரைத் தவிர மற்றவர்களிடமிருந்து மறைத்தார். மகள்களின் உடம்பை அறிவியலின் பார்வைக்குத் திறந்துவிட்ட தாய், தன் உடம்பை வைத்தியரிடம் காட்டவில்லை. 1737 நவம்பரில் குடல் சிக்கிக்கொண்டு, வலி தாங்காமல் விஷயம் வெளியானபோது காலம் கடந்திருந்தது. நவம்பர் 20 அன்று இறந்தார். லூயிசா பின்னர், தரங்கம்பாடி டேனியர் கையில் இருந்த காலத்தில், டென்மார்க்கின் ராணியானார். 1751-ல் கர்ப்பமாக இருக்கும்போது அவரும் குடலிறக்கத்தால்தான் இறந்தார்.

யாருக்கு எந்த இடம்

இந்த நிகழ்வை மதிப்பிடும்போது கரோலினுக்கு முழு மதிப்பையும் தருகிறேன். மற்றவர் பிள்ளைக்குச் சொல்லும் அறிவுரையாக அவர் இதை நிறுத்திக்கொள்ளவில்லை. சொந்த மகள்களுக்கே செய்தார், அதுவும் பிரபுவின் குழந்தை இறந்த மாதத்தில். ஏழு ஆண்டு அச்சில் கிடந்த அறிவைச் செயலாக்கினார். ஆதாரத்தை ஒவ்வொரு படியாகக் கேட்டார். பெரியம்மையை விதி என்று ஏற்றுக்கொள்ளப் பழகிய குடும்பங்களில் இப்படிக் கேட்க மன உறுதி வேண்டும்.

ஆனால் அந்தப் படிகளின் வரிசை கைதி, ஆதரவற்ற குழந்தை, இளவரசி என்று போகிறது. தூக்குக்கயிறா கத்தியா என்று கேட்டால் எவரும் கத்தி என்றுதான் சொல்வார்கள். அதைச் சம்மதம் என்று நான் எழுத மாட்டேன். பிள்ளைகளிடம் யாரும் கேட்கக்கூட இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. அன்றைக்கே சட்ட அதிகாரிகளிடம் கருத்துக் கேட்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அப்படியென்றால் இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது. எலிசபெத் ஹாரிசன் வேறு ஒரு காலத்தில் மருத்துவ ஆய்வின் பங்காளி என்று போற்றப்பட்டிருப்பார். கிடைத்தது விடுதலை மட்டும்.

1768-ல் ரஷ்யப் பேரரசி கேத்தரின் ஆங்கில மருத்துவர் டிம்ஸ்டேலை வரவழைத்துக் குத்திக்கொண்டார். 1774-ல் பிரெஞ்சு அரசர் பதினைந்தாம் லூயி பெரியம்மையில் இறந்த அடுத்த மாதமே அவர் பேரன் பதினாறாம் லூயி குத்திக்கொண்டார். அந்த வழி எப்போதும் பாதுகாப்பாக இருக்கவில்லை. கரோலினின் கொள்ளுப்பேரன், நான்கு வயது ஆக்டேவியஸ், 1783-ல் அம்மை குத்திய சில நாளில் இறந்தான். எட்வர்ட் ஜென்னருக்கும் சிறுவயதில் இந்த முறையில்தான் குத்தினார்கள். முன்னேற்பாடு என்று பட்டினி போட்டு ரத்தம் எடுத்து வாட்டினார்கள். அவரே 1796-ல் பசு அம்மையைச் சோதித்து மாற்று வழி கண்டார். பசு அம்மைப்பாலிலிருந்து பக்கத்தில் இருப்பவருக்குப் பெரியம்மை தொற்றாது. ஹெர்ட்ஃபோர்டு வீட்டில் நடந்ததைப் போன்ற மரணங்களுக்கு வழியிருந்த பழைய முறையை 1840-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டத்தால் தடை செய்தது.